ஆவுளியா வேசம்

காப்புக் கட்டி எட்டாம் நாள்
எங்கள் கரையில் மிருகங்கள் வரும்.
மூக்கையூரிலிருந்து வாலிநோக்கம் போகிற வழியில்
பஸ் நிற்காத கரை.
பனந்தும்பு உடுத்த கரடி ஒன்று,
மஞ்சள் பெயிண்ட் காயாத புலி இரண்டு,
காலில் செருப்போடு ஒரு குரங்கு.
(கழற்றச் சொன்னால் வெயிலைக் காட்டும்.)
இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை என் கையில்.
கரடியோடு ஒரு சுற்று ஆடாதவள் வீட்டில்
கோழி முட்டையிடாது என்றொரு பேச்சு.
தும்பில் ஒரு பிடி பிடுங்கி
அடைக்கூடையில் போட்டுக்கொள்வார்கள்.
பொழுது சாயும்போது கரடி பாதி நம்புவேல்.

இந்த வருடம் கடைசியில் ஒன்று சேர்ந்துகொண்டது.
சாம்பல் நிறத் தார்ப்பாய்,
ஐஸ் பெட்டித் தெர்மாகோலில் தட்டை மூஞ்சி,
மூஞ்சி நிறைய விளக்குமாற்றுக் குச்சி மயிர்.
காலில்லாமல் மணலில் வயிற்றால் இழைந்து வந்தது.
"என்னடா இது, பன்னியா?" என்றது புலி.
வால் ஒருமுறை விரிந்து மடங்கியது.
அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஆவுளியாவுக்கு எங்கே கயிறு கட்டுவது?
கழுத்தில்லை. இடுப்பில்லை.
போன தையில் மட்டும் தெரிந்திருந்தது:
வால் முறுக்கில் நம்புவேல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
வலையில் மூச்சு முட்டிச் செத்தது, நாங்கள் கொல்லவில்லை.
போலீசில் சொல்ல வேண்டி வரவில்லை,
எனக்கே சொல்லிப் பழகிவிட்டேன்.
விடியுமுன் முப்பத்தொரு பங்கு,
தூக்குச்சட்டியில், உரச்சாக்கில், பள்ளிக்கூடப் பையில்.
அக்குளில் பால் இருந்தது.
அதை மணலில் பீய்ச்சிவிட்டது யாரென்று
எனக்கும் அவனுக்கும் இன்னும் தகராறு.

வாசலில் நிற்கும்.
தலை தூக்கி, ஃபூ என்று ஒரு மூச்சு,
மறுபடி தாழும்.
ஆடவில்லை. காசுக்கு வாய் திறக்கவில்லை.
பூமயில் போட்ட பத்து ரூபாய் மணலில் கிடந்தது,
எடுக்கக் குரங்குக்கும் துணிச்சலில்லை.
கூரியம்மா கைப்பிள்ளையோடு உள்ளே போய்த் தாழிட்டாள்.
தலைவர் வீட்டில் டிவி சத்தம் கூடியது.
"நாங்க வாங்கலையே" என்றார் வாத்தியார்,
அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.
அவர் மனைவி கொடியில் காய்கிற துணியைப்
பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐந்தாறு வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தது.
அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது.
வாங்காத வீடுகள் அவை.
கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்:
ஒருவன் கரடிக்குள், ஒருவன் கயிற்றோடு.
மூச்சை எண்ணிப் பார்த்தேன்.
தொண்ணூறு வரை தலை எழவில்லை.
கஞ்சிப்பாசி எடுக்க முங்குகிற பெண்களுக்குத்தான்
அந்த நெஞ்சு.

முப்பத்தொன்று என் வீடு.
பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இல்லை.
அங்கேதான் அதிக நேரம் நின்றது.

கோயில் முன்னால் சுடுவது வழக்கம்.
பொட்டுவெடித் துப்பாக்கி, சுடுகிறவன் நான்.
மிருகம் விழும், வாயில் கலர்சோடா ஊற்றினால் எழும்.
கரடி விழுந்தது. குரங்கு விழுந்தது.
சோடாவுக்கு ஆசைப்பட்டு ஒரு புலி இரண்டு தடவை விழுந்தது.
ஆவுளியா என் எதிரில் வந்து தலை தூக்கியது.
துப்பாக்கியில் பொட்டு மிச்சமிருந்தது.
பம்பைக்காரர் கையை நிறுத்திவிட்டார்.
நான் சுடாமல் சோடாவை நீட்டினேன்.
சுடாததற்கு எதற்குச் சோடா என்பதுபோல்
திரும்பிக் கடலுக்கு இறங்கியது.

முழங்கால் தண்ணீரில் தார்ப்பாய் உப்பியது,
அப்புறம் இல்லை.
பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள்.
நூறுக்குமேல் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து.
தொலைவில் ஃபூ என்று கேட்டதென்றான் நம்புவேல்,
தும்பு உதிர்ந்த வாயால்.
காற்று என்றார்கள்.

அன்று ராத்திரி ஊரில் பாதிப் பெண்களுக்குத் தலை ஈரம்.
திருவிழா நாள், குளித்திருப்பார்கள்.
என் வீடும் திறந்திருந்தது, அடுப்பு எரிந்தது.
கையில் அந்தச் சோடா இருந்தது,
சூடேறி, மூடி திறக்காமல்.
குடிக்கிறாயா என்று கேட்டேன்.
"சுட்டியா?" என்றாள்.